கொழுப்புப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

2021ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பெங்களூர் நகரம் ஒரு செய்தியைக் கேட்டுத் திகைத்து நின்றது. கன்னடத் திரைப்பட நடிகர் புனீத் ராஜ்குமார் தமது 46ஆம் வயதில் இருதயம் செயலிழந்து திடீரென மறைந்தார் என்பதே அச்செய்தி. அவர் உடற்பயிற்சியில் பெரும் ஊக்கம் கொண்டவர். நோயாளி என்று பிறரால் கருதப்படாதவர். அவரது மறைவின் காரணத்தை ஆராய்வது இங்கே நம் நோக்கமன்று. ஆனால் அதை அடுத்து நிகழ்ந்த ஒன்று நம் கவனத்துக்கு உரியது. பன்னேர்கட்டா சாலையில் கர்நாடக அரசின் ஆதரவில் இயங்கும் ஜயதேவ இருதய மருத்துவ நிலையத்திலும், நகரத்தின் பிற மருத்துவமனைகளிலும், அடுத்த சில நாட்கள் கூட்டம் அலைமோதியது. வந்தவர்களில் பலர் வலியோ நோயோ உள்ளவர்கள் அல்லர். தங்கள் இருதயம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்பியே அவர்கள் வரிசையில் நின்றனர்.

அவ்விருப்பம் நியாயமானதே. அந்த ஜயதேவ நிலையத்திலேயே, நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களைத் தாக்கும் இருதய நோயை ஆராய்வதற்கென்று 2017ஆம் ஆண்டில் தனித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது என்றால், நிலைமையின் கடுமையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். ஆயினும் பரிசோதனைக்குப் போய் வந்தவர்களின் கையில் எஞ்சுவது என்ன? எண்கள் நிறைந்த ஒரு தாள். அதில் ‘மொத்தக் கொலஸ்ட்ரால் 180’ என்று இருக்கும். பக்கத்திலேயே ‘நார்மல்’ என்று அச்சிட்டிருக்கும். அதைக் கண்டவுடன் மனம் ஆறுதல் அடைகிறது. தாள் மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது.

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சொற்களைக் கொண்டு சேர்ப்பது என் தொழில். ஆதலால் இந்த ‘நார்மல்’ என்னும் சொல் எனக்குச் சிறிது கவலை தருகிறது. அதைத் தமிழில் ‘இயல்பு’ எனலாம், ‘நலம்’ எனலாகாது. பலரிடம் காணப்படும் அளவு இயல்பான அளவாகும். ஒரு நாட்டில் பலருக்கும் இளம் வயதிலேயே மாரடைப்பு வருமானால், அந்நாட்டின் இயல்பான அளவு ஆபத்தான அளவாகவும் இருக்கக்கூடும் அன்றோ? ஆகவே அந்தத் தாள் நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, விடுபட்டதை அறிய இன்று என்னென்ன பரிசோதனைகள் உள்ளன என்பவற்றை நேயர்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் கொலஸ்ட்ரால் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். அது நஞ்சு அன்று. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவருக்கும் அது வேண்டும். பல சுரப்பு நீர்கள் அதிலிருந்தே உண்டாகின்றன. வைட்டமின் டி உண்டாவதற்கும், உணவைச் செரிக்கும் பித்தநீர் உருவாவதற்கும் அது தேவை. உணவின் மூலம் சிறிதளவு வருகிறது. பெரும்பகுதியை உடலே ஆக்கிக் கொள்கிறது. ஆனால் எண்ணெய் தண்ணீரில் கரைவதில்லை. அதுபோலவே கொலஸ்ட்ராலும் இரத்தத்தில் கரைவதில்லை. ஆகையால் அது தானாகப் பயணம் செய்ய இயலாது. புரதத்தால் ஆன சிறு சிறு வாகனங்களில் ஏறியே செல்ல வேண்டும். இவ்வாகனங்களுக்கு லைப்போபுரோட்டீன் என்று பெயர். கல்லீரலிலிருந்து கிளம்பிப் பிற உறுப்புகளுக்குக் கொழுப்பைச் சுமந்து செல்லும் வாகனங்களில் முக்கியமானது எல்.டி.எல். என்பது. உறுப்புகளிலிருந்து மிச்சக் கொழுப்பைத் திரும்பக் கொண்டு வருவது எச்.டி.எல். முன்னதைத் தீய கொலஸ்ட்ரால் என்றும் பின்னதை நல்ல கொலஸ்ட்ரால் என்றும் பொதுமக்கள் வழங்குகின்றனர். இவற்றோடு டிரைகிளிசரைடு என்னும் மற்றொரு வகைக் கொழுப்பும் இரத்தத்தில் உண்டு.

சாதாரணமாகச் செய்யப்படும் கொழுப்புப் பரிசோதனை நான்கு எண்களைத் தருகிறது: மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு, எல்.டி.எல். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இவை தரப்படும். இந்நான்கில் முதல் மூன்றைத்தான் பல ஆய்வகங்கள் நேரடியாக அளக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. நான்காவதான எல்.டி.எல். பெரும்பாலும் கணக்கிட்டுப் பெறப்படுவதே. பிரீட்வால்டு என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1972இல் வகுத்த சூத்திரம் அதற்குப் பயன்படுகிறது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எஞ்சுவது எல்.டி.எல். இது எளிய கணக்கு. உலகெங்கும் உதவிய கணக்கு. ஆனால் டிரைகிளிசரைடு மிகும்போது இக்கணக்கு தடுமாறும். 400க்கு மேல் போனால் பொருந்தவே பொருந்தாது.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். ஒரே அலுவலகத்தில் பணி புரியும் இருவரைக் கற்பனை செய்து கொள்வோம். இருவருக்கும் மொத்தக் கொலஸ்ட்ரால் 180. முதல்வருக்கு எச்.டி.எல். 55, டிரைகிளிசரைடு 100. ஆகவே அவருடைய எல்.டி.எல்., 180இலிருந்து 55ஐயும் 20ஐயும் கழிக்க, 105 ஆகும். இரண்டாமவருக்கு எச்.டி.எல். 35, டிரைகிளிசரைடு 200. அவருக்கும் 180இலிருந்து 35ஐயும் 40ஐயும் கழிக்க, எல்.டி.எல். அதே 105தான். மொத்தமும் ஒன்று, எல்.டி.எல்.லும் ஒன்று. அவ்விரண்டு எண்களை மட்டும் பார்க்கிறவருக்கு இருவரும் சமம் என்றே தோன்றும். ஆனால் இருவருடைய இரத்தக் குழாய்களும் சமமான ஆபத்தில் இல்லை.

ஏன் என்பதை அறியச் சிக்கப்பேட்டைக்கு ஒருமுறை போய் வருவோம். பெங்களூரின் அந்தப் பழைய கடைத்தெருவில் ஜவுளி மூட்டைகள் தள்ளுவண்டிகளில் போய்க்கொண்டே இருக்கும். சந்துகள் குறுகியவை, வண்டிகள் இருபுறத்துச் சுவரிலும் உரசும். நூறு மூட்டைகள் போக வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். வண்டிக்கு ஐந்து மூட்டை ஏற்றினால் இருபது வண்டிகள் போதும். வண்டிக்கு இரண்டே மூட்டை ஏற்றினால் ஐம்பது வண்டிகள் வேண்டும். சரக்கு ஒன்றே, ஆனால் சுவரில் விழும் உரசல்கள் ஒன்றாக இரா. சுவருக்கு நேரும் சேதத்தை அறிய விரும்புகிறவர் மூட்டைகளை எண்ணிப் பயனில்லை. வண்டிகளை எண்ண வேண்டும். நம் இரத்தக் குழாயிலும் நிகழ்வது இதுவே. குழாயின் உட்சுவருக்குள் புகுந்து சிக்கிக் கொள்வது வாகனத்தோடு கூடிய கொழுப்பு. வாகனங்கள் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குச் சிக்கும் வாய்ப்பும் மிகுதி. சிக்கியதைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே ஒரு கொழுப்புத் திட்டு வளர்கிறது. ஒரு நாள் அத்திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு.

டிரைகிளிசரைடு மிகுந்து எச்.டி.எல். குறைந்தவரிடம் எல்.டி.எல். வாகனங்கள் பெரும்பாலும் சிறியனவாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏற்றிச் செல்லும் சரக்கு குறைவு. எனவே எண்ணிக்கை மிகுதி. நம் உதாரணத்தில் இரண்டாமவரின் நிலை இதுவாக இருக்கலாம். இங்கே நேயர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2014இல் வெளியாயின. ஆராயப்பட்டவர்களில் எல்.டி.எல். மிகுந்தவர்கள் 100க்கு 12 பேரே. டிரைகிளிசரைடு மிகுந்தவர்களோ 100க்கு ஏறத்தாழ 30 பேர், எச்.டி.எல். குறைந்தவர்கள் 100க்கு 72 பேர். அதாவது, அந்த இரண்டாமவர் அரிய மனிதர் அல்லர். நம்மில் பலர் அவரைப் போன்றவரே.

வண்டிகளை எண்ண வழி உண்டா? உண்டு. எல்.டி.எல். உட்படக் குழாய்ச் சுவரில் சிக்கக்கூடிய ஒவ்வொரு வாகனத்தின் மேலும் அப்போலைப்போபுரோட்டீன்-பி என்னும் புரத மூலக்கூறு ஒன்றே ஒன்று இருக்கிறது. வண்டிக்கு ஓர் இலக்கப் பலகை போல. பலகைகளை எண்ணினால் வண்டிகளை எண்ணியதாகும். இதைச் சுருக்கமாக அப்போ-பி பரிசோதனை என்கின்றனர். உயர்நிலைக் கொழுப்புப் பரிசோதனைகள் என்று இன்று கூறப்படுபவற்றில் முதலிடம் பெறத் தக்கது இதுவே.

இவ்வுண்மை உறுதிப்பட்ட வரலாற்றில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. இந்நகரில் மாரடைப்பு வந்த 200 பேரையும், வராத 200 பேரையும் ஒப்பிட்டு, செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பிரேம் பாயிஸ் முதலியோர் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 1996இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். புகைபிடித்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி ஆகியவை இரு கூட்டத்தாரையும் தெளிவாகப் பிரித்துக் காட்டின. ஆனால் கொழுப்பின் அளவு அவ்வாறு பிரித்துக் காட்டவில்லை! இதைக் கொண்டு கொலஸ்ட்ராலால் தீங்கில்லை என்று முடிவு கட்டுவது பிழை. ஆராயப்பட்டவர் தொகை சிறிது. மேலும் மாரடைப்பு வந்த சில நாட்களில் கொலஸ்ட்ரால் தானாகவே தாழ்வதும் உண்டு. எனினும் வழக்கமான எண்கள் எப்போதும் முழுக் கதையைச் சொல்வதில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2004இல், அதே இதழில் இன்டர்ஹார்ட் என்னும் மாபெரும் ஆய்வின் முடிவு வெளிவந்தது. கேரளத்தில் பிறந்து, பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று, கனடா நாட்டில் பணியாற்றிய டாக்டர் சலீம் யூசுப் அதற்குத் தலைமை வகித்தார். 52 நாடுகளில், மாரடைப்பு வந்தவர் 15,000 பேரும் வராதவர் ஏறத்தாழ அதே அளவினரும் ஆராயப்பட்டனர். இம்முறை அப்போ-பி அளக்கப்பட்டது, எச்.டி.எல். வாகனத்தின் முக்கியப் புரதமான அப்போ-ஏ1 என்பதும் அளக்கப்பட்டது. இவ்விரண்டின் விகிதம், மாரடைப்போடு மிக நெருங்கிய தொடர்புடைய காரணிகளின் வரிசையில் புகைபிடித்தலோடு முன்னணியில் நின்றது. அதே ஆய்வின் தரவுகளிலிருந்து 2007இல் மற்றோர் உண்மையும் வெளியாயிற்று. தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. பணியிலிருந்து ஓய்வு பெறுமுன், பிள்ளைகளின் படிப்பு முடியுமுன், நம்மவரை இந்நோய் பிடித்து விடுகிறது.

அப்போ-பி எவ்வளவு இருக்கலாம்? எல்லாருக்கும் ஒரே எண் இல்லை. அமெரிக்க நாட்டு மருத்துவ நெறிமுறை 2018இல், 130 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் அதை ஆபத்தைக் கூட்டும் காரணியாகக் கொள்ளலாம் என்றது. ஐரோப்பிய இருதய மருத்துவச் சங்கம் 2019இல், நடுத்தர ஆபத்து உள்ளவர்க்கு 100க்குக் கீழ், மிகுந்த ஆபத்து உள்ளவர்க்கு 80க்குக் கீழ், மிக மிக மிகுந்த ஆபத்து உள்ளவர்க்கு 65க்குக் கீழ் என்று இலக்கு வகுத்தது. நீரிழிவு, தொந்தி, மிகுந்த டிரைகிளிசரைடு, குறைந்த எச்.டி.எல். ஆகியவற்றுள் ஒன்றேனும் உள்ளவருக்கு இப்பரிசோதனை மிகவும் பயன்படும்.

இதற்கு வசதியில்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. காசு செலவின்றியே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கையிலுள்ள தாளில் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள். வருவது எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால். நம் உதாரணத்தில் முதல்வருக்கு அது 125, இரண்டாமவருக்கு 145. சமமாகத் தோன்றிய இருவரும் இப்போது பிரிந்து நிற்பதைக் காண்கிறீர்கள். இந்திய இருதய மருத்துவச் சங்கம் 2024ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட நெறிமுறை, ஆபத்துக் குறைந்த பொதுமக்களுக்கு எல்.டி.எல். 100க்குக் கீழும், இந்த எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் 130க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. நீரிழிவோ வேறு காரணங்களோ உடைய மிகுந்த ஆபத்துள்ளவருக்கு எல்.டி.எல். 70க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் முதலியோருக்கு 55க்குக் கீழ்.

இனி இரண்டாவது சிறப்புப் பரிசோதனைக்கு வருவோம். அதன் பெயர் லைப்போபுரோட்டீன்-(ஏ). எல்பி(ஏ) என்று சுருக்கி எழுதுவர். முன்னர்ச் சொன்ன அப்போ-ஏ1 வேறு, இந்த எல்பி(ஏ) வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்கி ஒன்றுக்கு மற்றொன்றைச் செய்துகொண்டு வராமலிருக்க, டாக்டர் எழுதிய சீட்டை ஆய்வகத்தில் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். நார்வே நாட்டு விஞ்ஞானி கோர் பர்க் 1963இல் இதைக் கண்டறிந்தார். எல்.டி.எல். வாகனத்தின் மேல் வால் போன்ற மற்றொரு புரதம் ஒட்டிக் கொண்டிருப்பதே இதன் உருவம். இது குழாய்ச் சுவரில் கொழுப்புத் திட்டை வளர்க்கிறது. இருதயத்தின் பெருநாடி வால்வு இறுகுவதற்கும் காரணமாகிறது.

இதன் தனித்தன்மை இது முழுதும் பரம்பரைச் சொத்துப் போன்றது என்பதாகும். நாம் உண்ணும் உணவோ செய்யும் பயிற்சியோ இதை அதிகம் மாற்றுவதில்லை. தாய் தந்தையரிடமிருந்து பெற்ற மரபணு இதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானித்து விடுகிறது. சிறு வயதில் அமைந்த அளவே ஏறத்தாழ வாழ்நாள் முழுதும் நீடிக்கும். ஆகவே இப்பரிசோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டுவதில்லை. வாழ்நாளில் ஒருமுறை செய்தால் பெரும்பாலோருக்குப் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது மிகுதி எனக் கொள்ளப்படுகிறது. நம் நாட்டவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அவ்வாறு மிகுந்திருப்பதாக 2024ஆம் ஆண்டு நெறிமுறை குறிப்பிடுகிறது. சில ஆய்வகங்கள் மில்லிகிராமுக்குப் பதிலாக நானோமோல் என்ற அலகில் விடை தரும். அந்த அலகில் 125 என்பது மிகுதியின் எல்லை. 80 நானோமோலைக் கண்டு, 50ஐத் தாண்டிவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். எண்ணைப் படிக்குமுன் அலகைப் படியுங்கள்.

“மாற்ற முடியாத ஒன்றை அறிந்து என்ன பயன்?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்பி(ஏ)யைக் குறைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட மருந்துகள் சில இன்று பெரிய சோதனைகளில் ஆராயப்பட்டு வருகின்றன. அவற்றின் முடிவு வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. வீட்டின் ஒரு சுவர் பலவீனமானது என்று தெரிந்தால் மற்றச் சுவர்களை நாம் கூடுதல் கவனத்துடன் காக்கிறோம் அல்லவா? அதுபோல, எல்பி(ஏ) மிகுந்தவர் புகையை அறவே விட வேண்டும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும், எல்.டி.எல்.லைப் பிறரைவிடத் தாழ்த்திக் கொள்ள வேண்டும். மேலும், அவருடைய உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் அதே அம்சம் இருக்க வாய்ப்பு மிகுதி. ஒருவருடைய பரிசோதனை ஒரு குடும்பத்துக்கே எச்சரிக்கையாகிறது.

பரம்பரையைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்.டி.எல். 190க்கு மேல் இருப்பவரை, அவர் எவ்வளவு இளைஞராயினும், டாக்டர் தனிக் கவனத்துடன் பார்க்க வேண்டும். இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பற்றி இழுக்கும் ஏற்பி கல்லீரலில் குறைவாக அமைந்த பரம்பரைக் கோளாறு அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த ஏற்பியைக் கண்டறிந்த கோல்ட்ஸ்டைன், பிரவுன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்கோளாற்றைப் பெறும் குழந்தைக்கு மிக இளம் வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் வழக்கத்தில் இந்த வாய்ப்புக் கூடுகிறது. இக்கோளாறு உள்ள குடும்பங்களில் குழந்தைக்கு 2 வயதிலேயே கொழுப்புப் பரிசோதனை செய்யலாம். மற்றவர்களுக்கு 18 வயதில் முதற் பரிசோதனை செய்வது நன்று என்பது நெறிமுறையின் கருத்து.

அறுபது, எழுபது பரிசோதனைகளை ஒரே கட்டாகச் சேர்த்துக் குறைந்த விலைக்குத் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். எல்.டி.எல். துகள்களின் அளவையும் வகைகளையும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் விலையுயர்ந்த பரிசோதனைகள் உள்ளன. அப்போ-பி தெரிந்த பிறகு அவற்றால் பெரும்பாலோருக்குப் புதிய பயன் அதிகமில்லை. சி.ஆர்.பி. என்னும் பரிசோதனை உடலில் உள்ள அழற்சியைக் காட்டும். ஆனால் சளியோ காய்ச்சலோ இருந்தாலும் அது உயரும். ஹோமோசிஸ்டீன் என்பதை வைட்டமின்களால் குறைக்கலாம். அவ்வாறு குறைத்தும் மாரடைப்புக் குறையவில்லை என்று 2006இல் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. சாதாரணக் கொழுப்புப் பரிசோதனை, வாழ்நாளில் ஒருமுறை எல்பி(ஏ), தேவையானவர்க்கு அப்போ-பி. இம்மூன்றும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும்.

இரத்தம் கொடுக்கும் முறையிலும் சில கவனிக்கத் தக்கன. முதற் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்பது இன்றைய கருத்து. டிரைகிளிசரைடு மிக உயர்ந்து காணப்பட்டால், இரவு முழுதும் உண்ணாமலிருந்து மீண்டும் பார்க்கச் சொல்வர். அப்போதும் தண்ணீர் குடிக்கலாம். முதல் நாள் விருந்தும் மதுவும் டிரைகிளிசரைடை உயர்த்தும். காய்ச்சலோடும், அறுவை சிகிச்சை முடிந்த கையோடும் பரிசோதித்தால் எண்கள் தாழ்ந்து காட்டும். கருவுற்ற பெண்களுக்கு அவை இயல்பாகவே உயரும். தைராய்டு குறைவும் எல்.டி.எல்.லை உயர்த்தும், அதைச் சரிசெய்தாலே கொழுப்பும் இறங்கக் கூடும்.

எண்கள் வந்த பின் என்ன செய்வது? தாள் ஒரு தீர்ப்பு அன்று; சாட்சிகளில் ஒன்று. 1996ஆம் ஆண்டின் பெங்களூர் ஆய்வை மீண்டும் நினைவு கூர்வோம். நாளொன்றுக்குப் பத்தும் அதற்கு மேலும் சிகரெட்டோ பீடியோ பிடித்தவருக்கு, பிடிக்காதவரைவிட மாரடைப்பு வாய்ப்பு ஏழு மடங்குக்குச் சற்றே குறைவாக இருந்தது. அப்போ-பி நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் பீடியைப் பற்ற வைப்பவரை எந்தப் பரிசோதனையும் காப்பாற்றாது. அரிசிச் சோற்றையும் சர்க்கரையையும் அளவுக்கு மிஞ்சி உண்டால் கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக்கி டிரைகிளிசரைடைப் பெருக்கும். எனவே தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காய்களையும் கூட்டுவதும், நாள்தோறும் விரைந்து நடப்பதும், இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதும் நம்மவர்க்கு உகந்த முதற் சிகிச்சை. அது போதாத போது டாக்டர் ஸ்டேட்டின் வகை மருந்தை எழுதித் தருவார். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளே இவ்வகைக்கு மூலம். 1987 முதல் இம்மருந்துகள் வழக்கில் உள்ளன. எண் இறங்கியதும் ‘குணமாகிவிட்டது’ என்று தாமாகவே மருந்தை நிறுத்துவோர் பலர். மருந்தால் இறங்கிய எண், மருந்தை விட்டால் ஏறிவிடும்.

முடிவாக, சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கே உரிய ஒரு குறையைச் சொல்ல வேண்டும். பெங்களூரிலோ புனேயிலோ டில்லியிலோ டாக்டரின் முன் அமரும்போது அவர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, “உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இளம் வயதில் மாரடைப்பு வந்ததுண்டா?” என்பது. நம்மில் பலர் “இல்லை” என்று சொல்லி விடுகிறோம். உண்மையில் அந்த ‘இல்லை’க்குப் பொருள் ‘தெரியவில்லை’ என்பதே. பெரியப்பா வயலில் மயங்கி விழுந்து மறைந்தார் என்று கேள்விப்பட்டிருப்போம். அப்போது அவருக்கு என்ன வயது என்று கேட்டதில்லை. தாய்மாமன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்பர். நல்ல சாவு என்று சொல்லி அதோடு விட்டிருப்போம். எந்த ஆய்வகமும் தர இயலாத இந்தச் செய்திகள் ஊரில் அத்தையின் நினைவிலும் பாட்டியின் நினைவிலும் இருக்கின்றன. அவர்களும் எத்தனை நாள் இருப்பார்கள்?

அடுத்த பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது, ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். பெரியவர்களின் அருகில் அமர்ந்து, குடும்பத்தில் யார், எந்த வயதில், எவ்வாறு மறைந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். தந்தை, அண்ணன் தம்பியரில் 55 வயதுக்கு முன்பும், தாய், அக்காள் தங்கையரில் 65 வயதுக்கு முன்பும் இருதய நோய் கண்டவர் இருந்தால் அப்பெயர்களின் கீழ்க் கோடிடுங்கள். உங்களுக்கு எல்பி(ஏ) மிகுந்திருப்பது தெரிந்தால், அச்செய்தியை ஊரிலுள்ள உடன்பிறந்தாருக்கும் மறவாமல் சொல்லுங்கள். பின்னர் அந்தத் தாளையும், அலமாரியில் மடித்து வைத்த பரிசோதனைத் தாளையும் ஒன்றாக எடுத்துச் சென்று டாக்டரிடம் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவருக்கு உங்கள் இருதயத்தின் கதை முழுமையாகத் தெரியும்.